பட்டறைப் பதில்கள்: மரை பிடிக்கும், அடைக்காது

கேள்வி: 2 லிட்டர் டர்போ இன்ஜினை 500 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோகிறேன். பூஸ்ட் 1.5 பார். இப்போதைக்குப் பெட்ரோல், பிற்பாடு இ85 (எத்தனால் மிகுதியாகக் கலந்த பெட்ரோல்) போடும் எண்ணம். கம்பெனி பெட்ரோல் லைன் 8 மில்லிமீட்டர் குழாய். “பெரிசாவே போட்டுடு” என்று நண்பர்கள் சொல்வதால் டேங்கிலிருந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ரெயில் வரை எல்லாமே ஏஎன்-10 ஹோஸ் வாங்கலாமா? ஃபிட்டிங் எல்லாவற்றுக்கும் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டுமா?

பதில்: டேப்பை முதலில் கீழே வையுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

டர்போ இன்ஜின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 500-க்கு 135 கிலோ. லிட்டருக்கு 740 கிராம் என்று வைத்தால் மணிக்கு 182 லிட்டர். இ85 என்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், 250 லிட்டர் ஆகிவிடும். பம்ப் மூச்சுத் திணறாமல் இருக்க 300 என்று வைத்துக்கொள்வோம்.

இனி அளவு. ஏஎன் என்பது ஆர்மி-நேவி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் விமானங்களுக்குப் பொதுவாக வைத்துக்கொண்ட அளவுமுறை. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பட்டறையில் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கிறோம் அல்லவா? ஏஎன் எண் ஒவ்வொன்றும் அரை நூல். 6 என்றால் மூன்று நூல், 8 என்றால் நாலு நூல், அதாவது அரை அங்குலம். ஆனால் அது அந்தக் காலத்து உலோகக் குழாயின் வெளிவிட்டம். உள்ளே பெட்ரோல் ஓடும் துளை இன்னும் சின்னது: ஏஎன்-6 ரப்பர் ஹோஸில் ஏறத்தாழ 8.6 மில்லிமீட்டர், ஏஎன்-8-இல் 11.

மணிக்கு 300 லிட்டர் 8.6 மில்லிமீட்டர் துளையில் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தைக்கூடத் தொடாது. எனவே பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்தால் அழுத்தப் பக்கத்துக்கும், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்னுக்கும் 6 போதும். பவரை இன்னும் ஏற்றும் திட்டம் இருந்தால் அழுத்தப் பக்கத்துக்கு மட்டும் 8 போடுங்கள். பம்ப் வெளியே இருந்தால் டேங்கிலிருந்து பம்ப் வரை கட்டாயம் 8, முடிந்தால் 10. உறிஞ்சும் பக்கம் குறுகினால் பெட்ரோல் குமிழ்விட்டு ஆவியாகும், பம்ப் அலறும்.

மற்றபடி 10 வேண்டாம். நாலு மீட்டர் ஏஎன்-6 ஹோஸுக்குள் கால் லிட்டர் பெட்ரோல்கூட நிற்காது. ஏஎன்-10 என்றால் அரை லிட்டருக்கு மேல். வண்டி எங்காவது மோதி லைன் அறுந்தால் கீழே கொட்டுவது எது என்று யோசியுங்கள். போதாததற்குத் தடித்த ஹோஸ் சுலபமாக வளையாது. வளையாத ஹோஸை இழுத்துக் கட்டினால் இன்ஜின் ஆடும் ஆட்டமெல்லாம் ஃபிட்டிங்கின் கழுத்துக்குப் போகும்.

உண்மையில் கழுத்தை நெரிப்பது ஹோஸ் அல்ல, இரண்டு முனைகள்தான். ரெயிலில் பாஞ்சோ போல்ட் (உள்ளே துளைபோட்ட, பெட்ரோலைப் பக்கவாட்டில் விடும் போல்ட்) இருக்கிறதா? அதன் பக்கத்துளையை ஒரு முறை அளந்து பாருங்கள், வாங்கிய ஹோஸ் சிரிக்கும். எல்போ வாங்கும்போது கட்டியில் துளைபோட்ட, உள்ளே செங்குத்தாக முட்டித் திரும்பும் வகையை விடுங்கள். குழாயை வளைத்துச் செய்த வகை வேண்டும்.

இப்போது டேப். ஏஎன் ஃபிட்டிங்கில் கசிவைத் தடுப்பது மரை அல்ல. முனையில் 37 டிகிரிக் கூம்பு இருக்கும், அது எதிர்க் கூம்பில் போய் உட்காரும், அடைப்பது அந்த இடம். மரை இரண்டையும் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். மரையில் டேப் சுற்றுவதால் பயன் எதுவுமில்லை. பிய்ந்த துணுக்கு ஃபில்டருக்கு அப்புறம் லைனில் விழுந்தால் நேராக இன்ஜெக்டர் வாய்க்குப் போகும். ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் குறைவாகக் குடித்து 1.5 பார் பூஸ்டில் ஓடினால் பிஸ்டன் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபிட்டிங் வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எங்கே அடைக்கிறது? கூம்பிலா, ஓ-ரிங்கிலா, வாஷரிலா, மரையிலா? அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலும், கட்டியில் கடைந்த பில்லட் ரெயிலிலும் ஓஆர்பி என்று ஒரு போர்ட் வரும். அங்கே அடைப்பது ஓ-ரிங். கொடுமை என்னவென்றால் அதன் மரையும் ஏஎன் மரையும் ஒன்று. 6 என்றால் இரண்டிலும் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. கூம்பு முனையை அந்தப் போர்ட்டில் போட்டால் சொகுசாகச் சுழன்று உள்ளே போகும். கடைசிவரை இறுக்கலாம். பம்பைப் போட்டதும் பீச்சியடிக்கும். பாஞ்சோவில் அடைப்பது இரு பக்கமும் இருக்கும் வாஷர். ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

இந்தக் கூட்டத்தில் மரையே அடைக்கும் ஒரே ஆள் என்பிடி என்கிற அமெரிக்கக் குழாய் மரை. அது சரிந்து குறுகும் மரை. அங்கே பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட் பூசுங்கள், முதல் இரண்டு சுற்றை வெறுமையாக விட்டுவிட்டு. அதிலும் ஒரு கண்ணி உண்டு: 1/8 என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, பிரிட்டிஷ் குழாய் மரையான 1/8 பிஎஸ்பியில் 28. சில சுற்று ஏறிவிடும், “சரியா இருக்கு” என்று தோன்றும், ஸ்பேனர் போட்டதும் அலுமினியத்தைத் தின்றுவிடும். சந்தேகம் வந்தால் மரை கேஜை வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

கேள்வி: பெரிய பம்ப் போட்டேன், ஹோஸ் எல்லாம் புதிது. கீழ் வேகத்தில் அழுத்தம் சரியாக இருக்கிறது. மேலே போகப் போக இறங்குகிறது. இன்னொரு பம்ப் மாற்றியும் அதே கதை.

பதில்: மூன்றாவது பம்ப் வாங்காதீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

இதே நோயோடு ஒரு வண்டி என்னிடம் வந்தது. பம்ப் வோல்டேஜ் பார்த்தேன், சரி. (நீங்களும் முதலில் அதைப் பாருங்கள், சுமையோடு ஓடும்போது, பம்பின் கனெக்டரிலேயே. பாதிப் பேருக்கு வியாதி பழைய மெல்லிய ஒயரில் இருக்கும்.) ஃபில்டர் புதிது. ரெகுலேட்டர் மாற்றினேன். மூன்று நாள் போயிற்று. கடைசியில் கோபத்தில் ஹோஸைக் கழற்றி வாயை வைத்து ஊதினேன். தாராளமாகப் போயிற்று. கையில் திருப்பிப் பிடித்து மறுமுனையில் ஊதினால் கன்னம் உப்புகிறது, காற்று போகவில்லை!

ஹோஸ் எண்டைக் கழற்றிப் பார்த்தால், ஹோஸுக்குள் நுழையும் நிப்பிளைத் திருகி ஏற்றியபோது அதன் விளிம்பு ரப்பரின் உள்சுவரைச் சீவி, நகம் அளவுக்கு ஒரு மடிப்பைத் தூக்கிவிட்டிருக்கிறது. பெட்ரோல் மெதுவாகப் போகும்போது ஓரமாக நின்றது. வேகம் கூடியதும் கதவு மாதிரி சாத்திக்கொண்டது. அந்த ஹோஸைக் கட்டியது வேறு யாருமல்ல, நான்தான். நிப்பிளில் எண்ணெய் தடவாமல் அவசரத்தில் ஏற்றியிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. வெட்டுமிடத்தில் ஒட்டும் டேப்பை இறுக்கிச் சுற்றி, டேப்பின் நடுவே வெட்டுவேன். பின்னல் கம்பி விரிந்தால் ஹோஸின் வெளியே மாட்டும் சாக்கெட்டில் ஏறாது, விரலைக் கிழித்துவிட்டுத்தான் ஏறும். ஹோஸை சாக்கெட்டின் உள்மரை தொடங்கும் இடம் வரை தள்ளி, சாக்கெட்டின் பின் விளிம்பில் ஒரு கோடு போடுவேன். நிப்பிளுக்கு எண்ணெய் தடவி முடுக்கிய பின் அந்தக் கோடு நகர்ந்திருந்தால் ஹோஸ் பின்னால் வழுக்கிவிட்டது என்று பொருள், மறுபடி முதலிலிருந்து. முடித்ததும் இரு பக்கமும் ஊதல், பிறகு பெட்ரோலால் கழுவல். ரப்பர்த் தூளும் பின்னல் துண்டும் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே பயமாக இருக்கும்.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. ஐடிலில், ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றிய பின்னும், வைத்த அழுத்தத்தைவிடக் கேஜ் மேலே நிற்கும். ஐடிலில் பெட்ரோலில் பெரும்பகுதி ரிட்டர்னில்தான் திரும்புகிறது. அந்தப் பாதை குறுகினால் ரெகுலேட்டர் என்னதான் செய்யும்? அங்கே பார்க்க வேண்டியது ரிட்டர்ன் லைன்.

கேள்வி: கசிவு எங்குமில்லை, ஆனால் மூடிய ஷெட்டில் வண்டி நின்றால் காலையில் பெட்ரோல் வாடை. ஸ்டீல் பின்னல் போட்ட ரப்பர் ஹோஸ்தான் போட்டிருக்கிறேன்.

பதில்: பின்னல் வெளியேதான், உள்ளே ரப்பர். அதன் வழியே ஆவி மெல்ல மெல்ல ஊடுருவும். பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான் உள்சுவர் ஹோஸுக்கு மாறினால் வாடை போகும், இ85-க்கும் அதுவே நல்லது. உள்சுவர் கறுப்பாக, மின்சாரம் கடத்தும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை வகையில் பெட்ரோல் உரசி ஓடுவதால் நிலைமின்சாரம் சேர்ந்து ஊசித்துளை போடும். பழைய ஹோஸ் எண்டுகள் இதற்கு ஆகாது. பிடிஎஃப்இ எண்டுகளில் ஆலிவ் என்கிற சின்ன வளையம் தனியாக வரும். அது உள்குழாய்க்கும் பின்னலுக்கும் நடுவே நுழைய வேண்டும். ஒரு பின்னல் கம்பி அடியில் மாட்டிக்கொண்டாலும் கசியும்.

கேள்வி: நீலம்-சிவப்பு ஃபிட்டிங் நல்லதா, கறுப்பு நல்லதா?

பதில்: சட்டைக்கு எது பொருந்துகிறதோ அது.

கேள்வி: அலுமினிய ஃபிட்டிங் ஒன்று லேசாக ஈரம் காட்டுகிறது. எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. இன்னும் இறுக்கலாமா?

பதில்: வேண்டாம், கழற்றுங்கள். நல்ல வெளிச்சத்தில் கூம்பைச் சுற்றிப் பாருங்கள். குறுக்கே ஒரு கீறலோ, ஒட்டிய ஒரு பின்னல் துணுக்கோ இருக்கும். இரண்டும் இல்லையென்றால் எதிரே இருக்கும் குழாயின் விரிப்பைச் சந்தேகப்படுங்கள். கார் பிரேக் குழாய் விரிக்கும் கருவி 45 டிகிரி போடும். 37-இல் அது ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டும் தொடும், முழுதாக உட்காராது. எத்தனை இறுக்கினாலும் பிளக்குமே தவிர அடைக்காது. அந்த முனையை வெட்டிவிட்டு 37 டிகிரிக் கருவியில் விரியுங்கள், நட்டையும் ஸ்லீவையும் முதலில் குழாயில் கோத்துக்கொண்டு. நான் எத்தனையோ முறை விரித்த பிறகுதான் நட்டைத் தேடியிருக்கிறேன்.

மறுபடி போடும்போது மரையில் ஒரு சொட்டு எண்ணெய், இரண்டு ஸ்பேனர், ஒன்று பிடிக்க ஒன்று திருப்ப. முடிந்ததும் நட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு. பம்பை மட்டும் ஓடவிட்டு, இன்ஜின் சூடாகும் முன்பே, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும்.