பார்சல் வாங்கினால் டிப்ஸ் தர வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து டிப்ஸ் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றுள் பலருக்கும் பொதுவாக இருக்கும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலைகளில் உணவகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நானே காரில் போய்ப் பார்சல் வாங்கி வருவது வழக்கம். கார்டைக் கொடுத்ததும் கவுண்டரில் இருப்பவர் திரையை என் பக்கம் திருப்புகிறார். 18, 20, 25 சதவீதம் என்று மூன்று பெரிய கட்டங்கள் தெரிகின்றன. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது ‘டிப்ஸ் வேண்டாம்’ என்பதை அழுத்த எனக்குக் கை வரவில்லை. யாரும் பரிமாறாத சாப்பாட்டுக்கு எதற்கு டிப்ஸ் என்று கேட்கிறார் என் கணவர். எது முறை?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கணவர் சொல்வது முக்கால்வாசி சரி. நாமே போய் எடுத்து வரும் பார்சலுக்கு டிப்ஸ் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்க வழக்கத்தில் இல்லை. இந்த நாட்டில் பழக்கவழக்க முறைகளுக்குப் பலரும் மேற்கோள் காட்டும் எமிலி போஸ்ட் நிறுவனமும் இதையே சொல்கிறது. ஆர்டர் பெரியதாகவோ சிக்கலானதாகவோ இருந்தால், அல்லது பார்சலை உங்கள் கார் வரை கொண்டுவந்து கொடுத்தால், 10 சதவீதம் வரை தரலாம் என்பது அதன் பரிந்துரை. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது தரும் 15 முதல் 20 சதவீதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

இந்த வேறுபாடு சம்பளச் சட்டத்திலிருந்து வருகிறது. மேசைக்கு வந்து பரிமாறுபவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. 1991 முதல் இந்தத் தொகை மாறவே இல்லை. டிப்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டும் 7.25 டாலர் என்ற பொதுவான குறைந்தபட்சக் கூலி வரவில்லையென்றால், மீதியை முதலாளி ஈடுசெய்ய வேண்டும். பல மாநிலங்கள் இதைவிட உயர்ந்த தொகைகளை நிர்ணயித்துள்ளன என்றாலும், பரிமாறுபவரின் வருமானத்தில் பெரும்பகுதி வாடிக்கையாளரின் கையிலிருந்தே வர வேண்டும் என்ற ஏற்பாடு பெரும்பாலான மாநிலங்களில் அப்படியே நீடிக்கிறது. கவுண்டரில் பார்சல் எடுத்துத் தருபவரோ, பெரும்பாலும் முழுமையான குறைந்தபட்சக் கூலியோ அதற்கு மேலோ பெறுபவர். அங்கே டிப்ஸ் என்பது நன்றிக்கான தொகையே தவிர, அவர் சம்பளத்தில் நீங்கள் நிரப்ப வேண்டிய பள்ளம் அன்று.

மீதிக் கால்வாசி இதுதான்: மேசைப் பரிமாறல் உள்ள உணவகங்கள் பலவற்றில் பார்சல் கட்டுவதற்கென்று தனி ஆள் கிடையாது. மேசைகளைக் கவனிக்கும் அதே பணியாளரோ, பாரில் நிற்பவரோ இடையில் வந்து உங்கள் பொட்டலத்தைத் தயார் செய்கிறார். குழம்பு டப்பாவின் மூடி இறுகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, சூடானதையும் குளிர்ந்ததையும் தனித்தனிப் பைகளில் பிரித்து, விட்டுப்போன கரண்டியை எடுத்துப் போட்டுக் கொடுப்பதற்குள், அவர் தன் மேசைகளில் ஒன்றைக் காக்க வைத்திருப்பார். அப்படிப்பட்ட இடங்களில் இரண்டு மூன்று டாலர் தருவது நியாயமானது. மாதத்தில் பல முறை ஒரே இடத்தில் வாங்குபவராக இருந்தால், அதைத் தவறாமல் தரலாம் என்பது என் எண்ணம்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மூன்று கட்டங்களும் கடைக்காரர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்பவை. பார்சலா, மேசையா என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே கட்டங்களைக் காட்டும் கடைகள் ஏராளம். உங்கள் மாநிலத்தில் 60 டாலர் பார்சலுக்கு 6.625 சதவீத விற்பனை வரியைச் சேர்த்தால் 63.98 டாலர் ஆகிறது. சில இயந்திரங்கள் வரியையும் சேர்த்தே சதவீதம் போடுவதால், 20 சதவீதம் என்று அழுத்தினால் 12 டாலருக்குப் பதில் 12.80 டாலர் போகும். வரிக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய கட்டங்களுக்குக் கீழே சிறிய எழுத்தில், நீங்களே தொகையை எழுதும் வசதி அநேகமாக இருக்கும். அதில் 2 என்றோ 3 என்றோ எழுதிவிட்டு நிம்மதியாக நகரலாம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: நான் மாணவன். செயலி வழியாக உணவு வரவழைக்கும்போது டெலிவரி கட்டணம், சேவைக் கட்டணம் என்று ஏற்கெனவே இரண்டு தொகைகள் பில்லில் ஏறிவிடுகின்றன. அதற்கு மேலும் டிப்ஸ் கேட்கிறார்கள். அதுவும் சாப்பாடு வருவதற்கு முன்பே. வேலை முடியுமுன் கூலி கேட்பது போல் இருக்கிறது. தராமல் விடலாமா?
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: பார்சல் விஷயத்தில் தாராளமாக இருந்த என் பதில் இங்கே கண்டிப்பாகிறது. டெலிவரிக்கு டிப்ஸ் கொடுங்கள். கொடுக்க இயலாத மாதங்களில், நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அந்த இரண்டு கட்டணங்களும் செயலி நிறுவனத்துக்குப் போகின்றன. அவை அப்படியே ஓட்டுநர் கைக்குப் போவதாக நினைப்பது தவறு. ஓட்டுநர்களில் பெரும்பாலானோர் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே அல்லர், ஒப்பந்தக்காரர்கள். கார் அவருடையது, பெட்ரோல், காப்பீடு, டயர் தேய்மானம் எல்லாம் அவர் செலவு. 2019-இல் ஒரு பெரிய செயலி, வாடிக்கையாளர் தந்த டிப்ஸை ஓட்டுநருக்குத் தான் தர வேண்டிய தொகையில் ஈடுகட்டிக்கொண்டது வெளியே தெரிந்து கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, பிறகு அந்த முறையை மாற்றிக்கொண்டது. இந்தத் தொழிலில் டிப்ஸ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவே சான்று.

முன்கூட்டியே கேட்பது உங்களுக்கு உறுத்துவது இயல்புதான். ஆனால் ஓட்டுநரின் கைபேசியில் நடப்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஆர்டர் வந்ததும் தோராயமாக எவ்வளவு கிடைக்கும், எத்தனை மைல் என்று அவருக்குத் தெரிகிறது. ஏற்பதா விடுவதா என்று சில விநாடிகளில் முடிவு செய்ய வேண்டும். டிப்ஸ் இல்லாத ஆர்டர் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே போகும்போது, உங்கள் சாப்பாடு உணவக அலமாரியில் ஆறிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு என்பதற்கு 10 முதல் 15 சதவீதம் என்ற பொதுக் கணக்கு இருந்தாலும், டெலிவரிக்குச் சதவீதம் அவ்வளவாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். 12 டாலர் பையையும் 80 டாலர் பையையும் கொண்டுவர ஓடும் மைல்கள் ஒன்றுதான். எவ்வளவு சிறிய ஆர்டரானாலும் 4 அல்லது 5 டாலருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, தூரம் அதிகமாக இருந்தாலோ, மழை கொட்டினாலோ, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி ஏற வேண்டியிருந்தாலோ கூட்டிக்கொடுங்கள். பெரிய தொகையைக் காட்டி ஓட்டுநரை வரவழைத்துவிட்டு, சாப்பாடு வந்ததும் அதைப் பூஜ்யமாக்கிவிடும் தந்திரம் ஒன்றும் வழக்கத்தில் இருக்கிறது. அதைப் பச்சை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குப் பத்துப் பேராக உணவகம் போனோம். பில்லில் 18 சதவீதம் சேவைக் கட்டணம் என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே டிப்ஸ் எழுத இன்னொரு கோடும் இருந்தது. இரண்டும் தர வேண்டுமா? கலிபோர்னியாவில் பரிமாறுபவர்களுக்கு முழுச் சம்பளம் உண்டு என்கிறார்களே, அப்படியானால் டிப்ஸே தேவையில்லையா?
– ஒரு வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: இரண்டையும் சேர்த்துத் தர வேண்டியதில்லை. ஆட்கள் அதிகமாக வரும் மேசைகளுக்குச் சேவைக் கட்டணத்தைத் தானாகவே சேர்ப்பது பல உணவகங்களின் வழக்கம். கீழே உள்ள கோடு எல்லா ரசீதிலும் அச்சாகும் கோடு. அதை வெறுமையாக விடாமல் குறுக்கே அடித்துவிடுவது பாதுகாப்பானது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வருமான வரித்துறையின் பார்வையில், வாடிக்கையாளர் தம் விருப்பப்படி தொகையைத் தீர்மானித்துக் கொடுப்பதே டிப்ஸ். உணவகம் கட்டாயமாகச் சேர்க்கும் தொகை நிறுவனத்தின் வருவாய். அதைப் பணியாளர்களுக்கு அளித்தால் சம்பளமாகவே கருதப்படும். ஆகவே, “இந்தக் கட்டணம் உங்களுக்கு வருகிறதா?” என்று பரிமாறியவரையே மெதுவாகக் கேட்பதில் தவறில்லை. வரவில்லை என்று அவர் சொன்னால், கொஞ்சம் ரொக்கம் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது கேள்வி சற்றுக் கடினமானது. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முதலாளிக்கு அனுமதி இல்லை. உங்கள் மாநிலத்தில் பெரிய துரித உணவுத் தொடர்களின் ஊழியர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி. இவ்வளவு இருந்தும், மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் டிப்ஸ் தரும் வழக்கம் அங்கே மறையவில்லை. பரிமாறுபவர்கள் வாடகையையும் அதை நம்பியே திட்டமிடுகிறார்கள். எனவே தராமல் எழுந்து வருவது முறையாகாது. ஆனால் 15 சதவீதம் வைத்ததற்காக அங்கே குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. துரித உணவுக் கவுண்டரில் எதுவுமே வேண்டாம்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, தபால்காரர், குழாய் பழுதுபார்க்க வந்தவர், முடிதிருத்துபவர் என எல்லோருக்கும் ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். யாருக்குத் தரலாம்?
– ஒரு வாசகி, சிகாகோ

பதில்: தபால்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள்; அவர் கூட்டாட்சி அரசின் ஊழியர், ரொக்கம் வாங்க அவருக்கு அனுமதியில்லை. ஒரு சந்தர்ப்பத்தில் 20 டாலருக்கு மிகாத பரிசுப் பொருளை, ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு மொத்தம் 50 டாலருக்குள், அவர் ஏற்கலாம். அம்மாவிடம் சொல்லி ஆண்டு முடிவில் இனிப்புப் பெட்டி ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். குழாய், மின்சாரப் பழுது பார்ப்பவர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வைப்பவர்கள், டிப்ஸை எதிர்பார்ப்பதில்லை. குடிக்கத் தண்ணீரோ காபியோ கொடுத்தால் போதும். முடிதிருத்துபவருக்கு 15 முதல் 20 சதவீதம் தருவது வழக்கம்.

பலரும் மறந்துவிடுவது விடுதி அறையைச் சுத்தம் செய்பவரை. நாளுக்கு 2 முதல் 5 டாலர் வரை, கடைசி நாளில் மொத்தமாக அல்லாமல் அன்றன்றே வையுங்கள். நாளை வேறொருவர் வரக்கூடும். மேசையில் வெறுமனே கிடக்கும் பணத்தை எடுக்க அவர்கள் தயங்குவார்கள் என்பதால், ‘நன்றி, உங்களுக்கு’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அருகில் வைப்பது அவசியம்.

கேள்வி: டிப்ஸுக்கு வரி இல்லை என்று சட்டம் வந்துவிட்டதாமே? இனி ரொக்கமாகத் தந்தால் என்ன, கார்டில் தந்தால் என்ன?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: வரி முழுவதும் நீங்கிவிடவில்லை. 2025-இல் வந்த சட்டப்படி, டிப்ஸ் வழக்கமாகக் கிடைக்கும் தொழில்களில் இருப்பவர்கள் 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸைக் கூட்டாட்சி வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். சமூகப் பாதுகாப்பு வரியும், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிக்கேர் வரியும் அப்படியே தொடர்கின்றன. ரொக்கம், கார்டு இரண்டுக்கும் இச்சலுகை உண்டு. கட்டாயச் சேவைக் கட்டணத்துக்கு இல்லை.

ஆயினும் வாங்குபவருக்கு வேறுபாடு இருக்கிறது. ரொக்கம் அன்றே கைக்கு வருகிறது. கார்டில் வரும் டிப்ஸ் சம்பள நாள் வரை காத்திருக்கலாம். அட்டை நிறுவனம் பிடிக்கும் கட்டணத்தில் டிப்ஸுக்கு உரிய பங்கை அதிலிருந்து கழித்துக்கொள்ள மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில் முதலாளிக்கு அனுமதியும் உண்டு. முதலாளியோ மேலாளரோ ஊழியர்களின் டிப்ஸில் பங்கு எடுப்பதை 2018-இல் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்துவிட்டது. கவுண்டரில் இருக்கும் கண்ணாடிக் குவளையில் போடும் பணம் அன்றைக்கு வேலை செய்த எல்லோருக்கும் பிரிக்கப்படுவதே வழக்கம். குறிப்பிட்ட ஒருவருக்குத் தர விரும்பினால் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.