ஜூடோவா, டாக்டர் படிப்பா? டோக்கியோவின் நிஷிகசாயில் வசிக்கும் ஓர் அம்மாவுக்கு

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளைத் தங்கள் ஜூடோ பள்ளியில் சேர்க்கச் சொல்லி ஒரு பயிற்சியாளர் தேடிவந்திருக்கிறார்; வீட்டிலோ டாக்டர் படிப்பு ஆசையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் கேள்விகள் நிறைய இருந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான்: "ஜூடோ சோறு போடுமா?" ஜப்பானில் போடும். அதற்குப் பதக்கம் வாங்கியே ஆகவேண்டும் என்றும் இல்லை.

அங்கே முன்னணியில் இருக்கும் ஜூடோ வீரர்கள் பலர் மாதச் சம்பளக்காரர்கள். கார் நிறுத்துமிடங்கள் நடத்தும் பார்க்24, மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் கோமாட்சு, மிட்சுய் சுமிடோமோ காப்பீட்டு நிறுவனம், பாதுகாப்புச் சேவை தரும் அல்சோக் எல்லாமே ஜூடோ அணி வைத்திருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு சிலர் அதே கம்பெனியில் தொடர்கிறார்கள், சிலர் ஆசிரியர்கள் ஆகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பான் ஜூடோ அணிக்குக் கிடைத்த ஒரே தங்கம் மட்சுமோட்டோ கவோரி வென்றது. உங்கள் மகள் இறங்கும் அதே 57 கிலோ பிரிவு. களத்தில் முறைக்கும் முறைப்புக்காகவே பத்திரிகைகள் அவருக்குக் 'காட்டு மிருகம்' என்று பட்டம் கொடுத்திருந்தன. 2019-இல் ஓய்வு பெற்றதும், தான் சேர்ந்திருந்த கம்பெனியின் ஐஸ்கிரீம் கடை வேலையில் இறங்கிவிட்டார்!

ஆனால் ஒலிம்பிக்கை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். ஓர் எடைப் பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான். 66 கிலோவில் மருயாமா ஜோஷிரோ 2019-இலும் 2021-இலும் உலக சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய, 2020 டிசம்பரில் ஜூடோவின் தலைமையகமான கோடோகானில் அவரையும் அபே ஹிஃபுமியையும் மோதவிட்டார்கள். வழக்கமான ஆட்டம் 4 நிமிடம். அன்று கூடுதல் நேரத்தோடு 24 நிமிடம் இழுத்தது. பார்வையாளர் இல்லாத கூடத்தில் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வென்றது அபே. அப்போதைய உலக சாம்பியனுக்கே இந்த கதி.

டாக்டர் படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் அசாஹினா சாராவைப் பற்றிப் படித்துவிட்டு, "அந்தப் பெண் இரண்டையும் செய்யவில்லையா?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். செய்தார், உண்மைதான். ஆனால் எந்த வரிசையில் என்று பாருங்கள். படிப்புக்குப் பெயர்போன ஷிபுயா பள்ளியில் இருந்துகொண்டே ஜூடோ. பிறகு டோகாய் பல்கலைக்கழகம். 2018-இல் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் உலக சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக் இடம் அதே பிரிவின் சோனே அகிராவுக்குப் போனது. 2020-இல், 23 வயதில், தொச்சிகி மாநிலத்தில் உள்ள டொக்க்யோ (Dokkyo) மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவி. அடுத்த ஆண்டு புடாபெஸ்டில் மறுபடி உலக சாம்பியன். அந்த இறுதிப் போட்டியில் முழங்காலில் அடிபட்ட எதிராளி தோமிதா வகாபாவை முதுகில் சுமந்தபடி களத்தை விட்டு வெளியே கொண்டுவந்தவர் இவர்தான்.

இதை வைத்து "நம்ம பொண்ணாலும் முடியும்" என்று நான் சொல்லமாட்டேன். அவர் வளர்ந்ததே மருத்துவக் குடும்பத்தில்: அப்பா மயக்க மருந்து நிபுணர், அம்மா பல் மருத்துவர். ஜப்பானில் தனியார் மருத்துவக் கல்லூரி என்றால் ஆறு ஆண்டுக்குப் பெரும்பாலும் 2 கோடி யென்னுக்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். அவருடைய கதையில் உங்களுக்குப் பயன்படும் சங்கதி ஒன்றே ஒன்று. ஜூடோவில் உச்சத்தில் இருந்தபோதும் அவர் பாடப் புத்தகத்தை மூடிவைக்கவில்லை, அதனால்தான் பின்னால் அந்தக் கதவு திறந்தது.

இடையில் இன்னொரு வழியும் உண்டு: ஜூடோ செய்ஃபுகுஷி. சுளுக்கு, தசைக்காயம், மூட்டு நழுவல் போன்றவற்றைக் கையாலேயே சரிசெய்யும் அரசு உரிமம் பெற்ற தொழில். குறைந்தது மூன்றாண்டுப் படிப்பு, பிறகு தேசியத் தேர்வு. சொந்தமாக சிகிச்சையகம் வைக்கலாம். டாக்டருக்குச் சமம் இல்லை. எலும்பு முறிவு, மூட்டு நழுவல் என்றால் முதலுதவிக்கு மேல் டாக்டரின் ஒப்புதல் வேண்டும். ஆனாலும் ஜூடோக்காரர்கள் கௌரவமாகப் பிழைக்கும் தொழில் இது.

உங்கள் குடும்பத்துக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. ஜப்பானியப் பெற்றோர் யோசிக்கத் தேவையில்லாத விஷயம். மகளிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். ஜப்பான் தேசிய அணிக்கும் போலீஸ் வேலைக்கும் ஜப்பானியக் குடியுரிமை வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. எனவே ஜப்பானியக் குடியுரிமையை எடுத்தால் இந்தியக் குடியுரிமையை விடவேண்டும். அவசரமில்லை, ஆனால் வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேசாமல் ஜூடோ பள்ளியில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் அந்தப் பள்ளி. கட்டணச் சலுகையும் விடுதியும் தருகிறேன் என்று பயிற்சியாளரே தேடிவந்திருக்கிறார் என்றால் பெருமைதான். அவரிடம் பதக்கப் பட்டியலைக் கேட்காதீர்கள், அது தானாகவே வரும். போன மூன்று வருடங்களில் போட்டி அணியில் இடம் கிடைக்காத பெண்கள் பள்ளி முடித்து எங்கே போனார்கள் என்று கேளுங்கள். முழங்கால் தசைநார் அறுந்து ஆறேழு மாதம் ஆடமுடியாமல் போனால் கட்டணச் சலுகையும் விடுதியும் தொடருமா? பள்ளியின் ஜூடோ கிளப்பை விட்டால் பள்ளியிலேயே இருக்கலாமா? இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். தலையில் அடிபட்டால் எத்தனை நாள் களத்துக்கு வெளியே வைப்பார்கள் என்பதையும் விடாதீர்கள். 1980-கள் தொடங்கி சுமார் முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரிழந்திருக்கிறார்கள், அதிகமும் தலைக்காயத்தால். அதன்பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன, ஆனாலும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் பயிற்சியாளரிடம் நான் பிள்ளையை விடமாட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கும் அறிவியலும் எப்படி இருக்கின்றன என்று நீங்கள் எழுதவே இல்லை. டாக்டர் ஆசைக்கு அதுதான் முதல் தகவல். மதிப்பெண் தாளை அனுப்புங்கள். டோக்கியோவில் தனியார் பள்ளிகளின் பரிந்துரைச் சேர்க்கை ஜனவரியில், அரசுப் பள்ளிகளின் எழுத்துத் தேர்வு பிப்ரவரியில். பரிந்துரையில் இடம் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே சேர்ந்தாக வேண்டும். ஆகவே பயிற்சியாளரிடம் 'சரி' என்று தலையாட்டும் முன்பே, வருகிற வாரத்தில் ஒரு நாள் மகளோடு சேர்ந்து என்னிடம் பேசுங்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்பதை அவள் வாயாலேயே கேட்க வேண்டும்.