வேர்டன்: ஒரு வினை, மூன்று வேலை

கேள்வி: ஜெர்மனில் ‘வேர்டன்’ என்ற வினைக்கு ஓரிடத்தில் ‘ஆகு’ என்று பொருள். இன்னோரிடத்தில் அது எதிர்காலம், வேறோரிடத்தில் செயப்பாட்டுவினை. எப்படிப் பிரித்தறிவது? (வாசகி, கோவை)

வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். அங்கே பெயரோ பண்புச்சொல்லோ இருந்தால் ‘ஆகு’. ‘ஏர் விர்ட் ஆர்ட்ஸ்ட்’ (‘விர்ட்’ என்பது ‘அவர்’, ‘அது’ ஆகியவற்றுடன் ‘வேர்டன்’ எடுக்கும் வடிவம்): அவர் மருத்துவர் ஆகிறார். அகராதியில் உள்ளபடியே ஒரு வினை நின்றால் எதிர்காலம். ‘ஏர் விர்ட் கொமன்’: அவர் வருவார். ‘கெபௌட்’ போன்ற முடிந்த வடிவம் நின்றால் செயப்பாட்டுவினை. ‘டஸ் ஹௌஸ் விர்ட் கெபௌட்’: வீடு கட்டப்படுகிறது. துணை வாக்கியத்தில் ‘விர்ட்’ கடைசிக்குப் போய்விடும். அப்போது அதற்கு முந்தைய சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஃபெர்கெஸன்’ போன்ற சில வினைகளுக்கு இரண்டு வடிவமும் ஒன்றுதான். ‘ஏர் விர்ட் ஃபெர்கெஸன்’ என்றால் மறப்பாரா, மறக்கப்படுகிறாரா என்பதை இடம்தான் சொல்லும்.

‘அவர் இந்நேரம் வீட்டில் இருப்பார்’ என்று நாம் ஊகத்துக்கும் எதிர்காலத்தையே ஆள்கிறோம் அல்லவா? ‘ஏர் விர்ட் யெட்ஸ்ட் ட்ஸூ ஹௌஸ ஸைன்’ அப்படியே அதுதான். தமிழருக்கு இது இயல்பு.

ஆங்கிலப் பழக்கம் இரண்டு இடத்தில் காலை வாரும். ‘இஷ் வில்’ எதிர்காலம் அல்ல, ‘விரும்புகிறேன்’. ‘பெகொமன்’ என்பது ‘ஆகு’ அல்ல, ‘பெறு’.

கேள்வி: ‘வேர்டன்’ வினையின் முடிந்த வடிவம் ‘ஆனார்’ என்பதற்கு ‘கெவொர்டன்’, ‘கட்டப்பட்டது’ என்பதில் மட்டும் ஏன் ‘வொர்டன்’? (வாசகர், தஞ்சாவூர்)

‘வொர்டன்’தான் பழையது. வருதல், கண்டெடுத்தல், ஆதல் என முடிவைத் தன்னுள்ளேயே கொண்ட சில வினைகள் பழைய ஜெர்மனில் முடிந்த வடிவத்தின் முன்னொட்டான ‘கெ’யை ஏற்கவில்லை. பின்னாளில் அவையும் ஏற்றன; செயப்பாட்டுவினையில் மட்டும் பழைய வடிவம் தங்கிவிட்டது. அங்கே ‘கெவொர்டன்’ என்று எழுதினால் பிழை.

‘வேர்டன்’ என்பதன் வேர்ப்பொருள் ‘திரும்பு’. லத்தீனின் ‘வெர்தெரே’, சமஸ்கிருதத்தின் ‘வ்ருத்’ இரண்டும் உடன்பிறப்புகள். அந்த ‘வ்ருத்’ வழியேதான் விருத்தமும் வர்த்தமானமும் தமிழுக்கு வந்தன. திரும்புதல் எப்படி ஆதலாகும் என்று வியக்க வேண்டாம். முறுக்கலையும் திரித்தல் என்கிறோம். பால் கெட்டாலும் திரிந்தது என்கிறோம்.