"அந்த வசனம் பொய்யா அம்மா?"

ஆலோசகர் அம்மா அவர்களுக்கு, இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள்.

எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். எனக்குத் தெரிந்து ஐந்து தலைமுறை. என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். கணவரின் வேலைக்காகக் கோவைக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். மகளுக்கு ஒன்பது.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் முன்பே 23ஆம் சங்கீதத்தை முழுவதும் சொன்ன பிள்ளை அவன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் பரிசு வாங்குவான். இப்போது ஆறு மாதமாக ஆலயத்துக்கு வர மறுக்கிறான். கட்டாயப்படுத்தி அழைத்துப்போனால் ஆராதனை முடியும்வரை வெளியே வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறான். என் கணவர் அவனுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரமாக அவனோடு சரியாகப் பேசுவதில்லை. இரவு குடும்ப ஜெபத்தில் அவனை எதிரே வைத்துக்கொண்டே, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் கல்லான இருதயத்தை உடையும்" என்று ஜெபிக்கிறார். அவன் எழுந்து போய்விடுகிறான்.

சென்ற மாதம் ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான். கையில் ஒரு அட்டை. 2021 புத்தாண்டில், அந்த ஆண்டுக்கான கடவுளின் வாக்காக எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம்: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." அந்த மே மாதம்தான் என் தம்பி கொரோனாவில் இறந்துபோனான். 36 வயது. ஆஸ்பத்திரியில் 11 நாள் இருந்தான். அந்த 11 நாளும் அதிகாலை ஐந்து மணிக்கு உறவினர் எல்லோரும் போனில் கூடி ஜெபித்தோம். மகனுக்கு அப்போது 11 வயது. யாரும் எழுப்பாமல் எழுந்து வந்து உட்காருவான். "மாமா வந்துவிடுவார் ஆச்சி, அட்டையில் போட்டிருக்கிறது" என்று என் அம்மாவுக்குத் தைரியம் சொன்னதும் அவன்தான். ஊரடங்கில் எங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தோம். பிறகு அந்த அட்டையைக் கழற்றி, யார் கண்ணிலும் படாதபடி என் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன்.

அதைத்தான் கண்டுபிடித்து எடுத்து வந்திருக்கிறான். "இந்த வசனம் பொய்யா அம்மா?" என்று கேட்டான். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லிவிட்டேன். அட்டையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த மாதம் திடப்படுத்தல் ஆராதனை. போதகரிடம் பெயர் கொடுத்திருக்கிறோம். எப்படியும் அவன் அதில் நின்றாக வேண்டும் என்கிறார் கணவர். "நீ ஒழுங்காக வளர்க்கவில்லை" என்கிறார் அம்மா. மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐந்து தலைமுறை விசுவாசம் என் கையில் முடிந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு தாய், கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் மனம் அந்த அடுப்பு மேடையிலேயே போய் நின்றது.

உங்கள் மகன் விசுவாசத்தை விட்டு ஓடுகிறான் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். விட்டுவிட்ட பிள்ளை ஐந்து ஆண்டு கழித்து ஒரு அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வரமாட்டான். அந்த 11 நாளும் அவன் ஒரு வசனத்தை முழுமையாக நம்பினான். தான் நம்பியதோடு நிற்காமல் ஆச்சிக்கும் வாக்குக் கொடுத்தான். மாமா இறந்தபோது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. ஆச்சியிடம் தான் சொன்னது பொய்யாகிப்போனதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த வயதில் ஒரு குழந்தை இவ்வளவையும் விழுங்கிக்கொள்ளும். 15, 16 வயதில், கேள்வியைக் கேள்வியாகவே நிறுத்திப் பார்க்கும் அறிவு வரும்போது, விழுங்கியது மேலே வரும். அவன் கேட்டதில் துக்கமே பெரிய பங்கு.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. தம்பியைப் பறிகொடுத்தவர் நீங்கள். அந்த அட்டையை ஒளித்து வைத்தவரும் நீங்கள். அந்தக் கேள்வி உங்களுக்குள்ளும் இருந்ததால்தானே ஒளித்து வைத்தீர்கள்?

பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாள் கழித்து இயேசு வருகிறார். மார்த்தாள் எதிரே வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். அவள் சகோதரி மரியாளும் வந்து அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. அவர்களோடு அழுதார். உங்கள் மகன் மார்த்தாளின் இடத்தில் நிற்கிறான் அம்மா. நீங்கள் மரியாளின் இடத்தில் நிற்கிறீர்கள். ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் ஒருவரோடொருவர் இதைப் பேசவில்லை.

ஆகவே முதலில் அவனிடம் போங்கள். "அன்றைக்கு உன்னைக் கேட்கக் கூடாது என்று சொன்னது என் தவறு. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. தம்பி போன பிறகு எத்தனையோ இரவு என்னால் ஜெபிக்க முடியவில்லை." இப்படி உங்களுக்கு நடந்தது எதுவோ, அதை நடந்தபடியே சொல்லுங்கள். பிறகும் ஏன் ஜெபிக்கிறீர்கள், எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதையும் சொல்லுங்கள். போதனையாக அல்ல, ஒரு அக்காவுக்கு நடந்த கதையாக. பதில் இல்லாத இடத்தில் "தெரியவில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் உங்களை நம்புவான்.

அந்த வசனத்தைப் பற்றியும் அவனோடு உட்கார்ந்து பேசலாம். அது 91ஆம் சங்கீதம். சோதனைக்காரன் இயேசுவை எருசலேம் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி எடுத்துக்காட்டியதும் இதே சங்கீதம்தான்: தாழக் குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று. அதை ஒரு உத்தரவாதச் சீட்டாக எடுத்துக்கொள்ள இயேசு மறுத்தார். அதே சங்கீதத்தில் பிற்பகுதியில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்றும் இருக்கிறது. அப்படியென்றால் ஆபத்து வரும் என்றுதானே பொருள்? ஒரு வசனத்தை மட்டும் வெட்டி அட்டையில் அச்சிட்டு, ஒரு குழந்தையின் கையில் விளக்கமில்லாமல் கொடுத்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. அட்டை மோசமென்று சொல்லவில்லை. கொடுத்தவர்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

அடுத்து உங்கள் கணவர். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளையை எதிரே உட்காரவைத்து, அவனைப் பற்றிக் கடவுளிடம் முறையிடுவது ஜெபத்தின் வடிவில் வரும் வசவு. அவன் காதில் அது அப்படித்தான் விழும். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று பவுல் எழுதியதை அவரே ஒருமுறை மெதுவாகப் படிக்கட்டும். அமெரிக்காவில் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சனும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 350க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சமய நம்பிக்கை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போவதில் பெற்றோரின் அன்பும் நெருக்கமும், குறிப்பாகத் தகப்பனுடைய நெருக்கம், பெரிய பங்கு வகிக்கிறது என்று கண்டார்கள். தகப்பன் பக்தியுள்ளவராக இருந்தும் பிள்ளையிடமிருந்து விலகியிருந்தால், அந்தப் பக்தி அவ்வளவாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில்லை. என் அறைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன். ஆகவே போனைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஒரு மாலை அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுக்கட்டும். ஆலயத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

குடும்ப ஜெபத்தை நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் போதும். அவன் விரும்பினால் உட்காரலாம், வாய் திறக்க வேண்டியதில்லை. மகளுடைய கேள்விகளுக்கும் இனி அங்கே இடம் கொடுங்கள். எகிப்திலிருந்து புறப்படும் முன்பே, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லுங்கள் என்றுதான் மோசே பெரியவர்களுக்குச் சொன்னார்.

திடப்படுத்தலுக்குக் கொடுத்த பெயரை, அவன் விரும்பாவிட்டால், திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் நீங்களும் ஞானப் பெற்றோரும் அவனுக்காகச் சொன்ன வாக்குறுதியை அவனே தன் வாயால் சொல்லும் நாள் அது. அங்கே பேராயர் முன் அவனைப் பொய் சொல்லவைக்காதீர்கள். பேராயர் அடுத்த ஆண்டும் வருவார். போதகர் நிதானமானவராக இருந்தால் அவனோடு தனியாகப் பேசச் சொல்லலாம். முதலில் அவனிடம் சம்மதம் கேளுங்கள். உறவினர் பேச்சு இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்தாலோ, நண்பர்களையும் விட்டு ஒதுங்கினாலோ, வாழ்வே வேண்டாம் என்பது போலப் பேசினாலோ தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அவனையும் உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தம்பியின் கல்லறைக்குப் போய்வாருங்கள். அந்த அட்டையைப் பற்றித் தான் சொன்னது அவனுக்கு இன்னும் உறுத்துகிறது என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். பேரனிடம் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியும். அங்கே அவனை ஜெபிக்கச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்