பாஸ்டன் பாணி பேக்டு பீன்ஸ் மணிக்கணக்கில் வெந்தும் ஏன் குழைவதில்லை?

பேக்டு பீன்ஸ் என்பது, ஊறவைத்து வேகவைத்த சிறிய வெள்ளை பீன்ஸ் விதைகளை மொலாசஸ் என்னும் கரிய கரும்புப் பாகு, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, கடுகுத்தூள் ஆகியவற்றுடன் மூடிய மண்பானையில் இட்டு, ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் 6 முதல் 8 மணி நேரம் ஓவனில் வைத்துச் சமைக்கும், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் பேர்போன உணவு. பாகிலுள்ள அமிலமும் கால்சியமும் விதையின் செல் சுவர்களை இறுக்கிப் பிடிப்பதால்தான், இத்தனை நேரம் வெந்தும் அது உருக்குலையாமல் நிற்கிறது. புளி ஊற்றிய பிறகு பருப்பு வேக மறுப்பதும் இப்படித்தான். ஆகவே பாகைச் சேர்க்கும் முன்பே விதைகளைத் தண்ணீரில் நன்கு மென்மையாகும்வரை கொதிக்கவைத்துவிட வேண்டும். என் பார்வையில் இந்தச் சமையலின் உயிர் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. நடுவே நீர் வற்றினால் கொதிநீர் சேர்க்கலாம். உப்பும் விதையைக் கடினமாக்கும் என்று அஞ்சிப் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். உண்மையில் உப்பு நீரில் ஊறவைத்த விதையின் தோல்தான் விரைவில் மென்மையாகிறது.