அட்டையில் ‘இன்வாலிட்’ என்றிருந்தால் செல்லாத மனுவா?

கேள்வி: என் மருமகன் அமெரிக்கர், ஒகையோ மாநிலத்துக்காரர். அவருடைய முன்னோர் ஒருவர் அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சிப்பாயாக இருந்தவர். பேத்தியின் பள்ளி வேலைக்காகத் தேடியபோது அவருடைய பென்ஷன் மனுவைக் குறித்த அட்டை இணையத்தில் கிடைத்தது. 1884-இல் ‘இன்வாலிட்’ என்று ஒரு வரி. விண்ணப்ப எண் இருக்கிறது, சான்றிதழ் எண் இல்லை. அதன் கீழே 1891-இல் ‘விடோ’ என்று ஒரு வரி. அதில் இரண்டு எண்களும் இருக்கின்றன. மனுவைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்களா? இனித் தேடிப் பயன் உண்டா?

பதில்: அந்த ‘இன்வாலிட்’டுக்குச் ‘செல்லாதது’ என்று பொருள் இல்லை. உடல் ஊனமுற்றவர் என்ற பொருளில் அன்று புழங்கிய சொல் அது. பென்ஷன் கேட்ட முன்னாள் சிப்பாய் யாராக இருந்தாலும் அவர் மனு அந்த வரியில்தான் ஏறும். ஆனாலும் உங்கள் ஊகம் முழுக்கத் தப்பில்லை. சான்றிதழ் எண் இல்லையென்றால் அவருக்குப் பென்ஷன் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு 1884 என்ற ஆண்டே பாதி விடை. அன்று நடப்பில் இருந்தது 1862-ஆம் ஆண்டுச் சட்டம். ஊனமோ நோயோ படைப்பணியால்தான் வந்தது என்று மனுதாரர் நிரூபிக்க வேண்டும். காலில் குண்டு பாய்ந்தவருக்குத் தழும்பே சாட்சி. தீராத வயிற்றுப்போக்கையும் மூட்டுவாதத்தையும் இருபது வருடம் கழித்து எப்படி நிரூபிப்பது? படை மருத்துவமனைப் பதிவில் பெயர் இல்லாவிட்டால் பழைய அதிகாரியையோ உடன் இருந்த சிப்பாய்களையோ தேடிப் பிடித்துப் பிரமாண வாக்குமூலம் வாங்க வேண்டும். அதற்குள் பலர் இறந்திருப்பார்கள், சிலர் மேற்கே குடிபெயர்ந்திருப்பார்கள்.

1890 ஜூன் 27-இல் வந்த சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. 90 நாள் பணியும் நல்ல முறையில் விடுவிப்பும் இருந்து, உடலுழைப்புக்கு முடியாமல் போயிருந்தால் போதும்; காரணம் போராக இருக்க வேண்டியதில்லை. கெட்ட பழக்கத்தால் வந்த நோய்க்கு மட்டும் கிடையாது. தொகை மாதம் 6 முதல் 12 டாலர். அன்றாட உழைப்பைத் தவிர வேறு ஆதரவு இல்லாத விதவைக்கு 8 டாலர். அந்த அம்மாள் 1891-இல் மனுப் போட்டிருப்பதைப் பார்த்தால் இந்தச் சட்டத்தின்கீழ்தான் பெற்றிருப்பார் என்று தோன்றுகிறது. கணவர் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் அவருக்கே கிடைத்திருக்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. விதவையின் சான்றிதழ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். விதவைக்குப் பென்ஷன் கிடைத்துவிட்டால் கணவரின் பழைய காகிதங்களையும் விதவையின் காகிதக் கட்டிலேயே சேர்த்துவிடுவது வழக்கம். சில பக்கங்கள் போதும் என்று சிக்கனம் பார்க்காமல் முழுக் கட்டையும் வாங்குங்கள். படைப்பணிப் பதிவேடும் மருத்துவமனை அட்டைகளும் தனித்தனி. அவற்றையும் கேட்டால் மனுவில் சொன்னது உண்மையா என்று ஒப்பிடலாம்.

நிராகரித்த மனுதானே என்று விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் புதையல். எளிதில் கிடைத்தவருக்கு நாலு காகிதம் போதும்; இழுபட்டவர்தான் அண்டை வீட்டாரையும் உள்ளூர் வைத்தியரையும் இழுத்து வந்திருப்பார். மருத்துவர் குழு சோதித்த தாளில் உயரம், எடை, நாடித்துடிப்பு எல்லாம் இருக்கும். தழும்பைக் குறிக்க மனித உருவப் படமும் இருக்கலாம். ‘6/18’ என்பது போன்ற பின்னங்களைக் கண்டு மிரள வேண்டாம், ஊனத்தின் அளவை அப்படித்தான் எழுதினார்கள். திருமணத்துக்கும் பிள்ளைகள் பிறந்த தேதிக்கும் சான்றாக வீட்டு பைபிளின் ஏட்டையே கிழித்து அனுப்பியவர்களும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. வாக்குமூலங்களின் நடை பெரும்பாலும் மனு எழுதிக் கொடுத்த ஏஜெண்டுகளுடையது, பணத்துக்காக எழுதியவை. நோயைக் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள், தேதிகளும் ஒன்றோடொன்று இடிக்கும். சந்தேகப்பட்டுப் பென்ஷன் அலுவலகம் தனி விசாரணை அதிகாரியை ஊருக்கு அனுப்பியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அவர் குறித்துக்கொண்ட பக்கங்களை முதலில் படியுங்கள். அக்கம்பக்கத்தார் அந்த மனிதரைப் பற்றி உள்ளபடி என்ன நினைத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.