எட்டாம் வகுப்புப் பையன், உடைகிற குரல், பாட்டு வகுப்பு இல்லாத பள்ளி: என்ன செய்யலாம்?

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, வயது 13. போன வருடம் பள்ளிக் கல்வித் துறை நடத்துகிற கலைத் திருவிழாப் போட்டியில் பாடி வட்டார அளவில் பரிசு வாங்கியவன். பள்ளியில் பாட்டு ஆசிரியர் இல்லை. கொஞ்ச நாளாக மேலே போனால் குரல் பிசிறடிக்கிறது. "மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர்த்துவிடட்டுமா? கீபோர்டு வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்கிறார்.

முதலில் குரலைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பையன்களுக்கு இந்த வயதில் குரல்வளை வேகமாக வளரும், குரல் நாண்கள் நீண்டு தடிக்கும், சுருதி கீழே இறங்கும். இது நோய் இல்லை அம்மா. சின்ன வயதில் 5 கட்டையில் (கட்டை என்பது பாடுகிற சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) சுலபமாகப் பாடிக்கொண்டிருந்த பையன், எல்லாம் அடங்கியபின் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் வந்து நிற்பான். நடுவில் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், எந்தக் கட்டையும் நிலையாக ஒத்துவராது. அந்த நேரத்தில் "போன வருடம் பாடினாயே, அதே சுருதியில் பாடு" என்று போட்டிக்காகக் கத்த வைப்பதுதான் பிள்ளைக்குச் செய்கிற பெரிய கெடுதல். அதற்காகப் பாட்டையே நிறுத்திவிடவும் வேண்டாம். எந்தக் கட்டையில் சிரமமில்லாமல் வருகிறதோ அதில், மெதுவாக, ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் தினம் கால் மணி நேரம் பாடட்டும். மேல் ஷட்ஜம், அதாவது மேலே உள்ள 'ச', இன்றைக்கு எட்டவில்லையா, விட்டுவிட வேண்டியதுதான். கட்டை மாதத்துக்கு மாதம் மாறினாலும் பரவாயில்லை. வலியோ, விடாத கம்மலோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து இசைப்பள்ளி. கலை பண்பாட்டுத் துறை நடத்துகிற மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நல்ல இடங்கள், விழுப்புரத்திலும் ஒன்று இருக்கிறது. 12 முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று வருடப் படிப்பு, குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எல்லாம் உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் பலர் கவனிக்காத விஷயம், அது பகல் முழுக்க நடக்கிற படிப்பு. அதில் சேர்த்தால் பள்ளிக்கூடம் போய்விடும். எட்டாம் வகுப்பில் அதைச் செய்யாதீர்கள், நான் உறுதியாகவே சொல்கிறேன். பள்ளிப் படிப்பு முடிந்தபின் அவனுக்கு இதே ஆர்வம் இருந்தால் இசைப்பள்ளியும் இருக்கும், சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளும் இருக்கும்.

இப்போதைக்கு அவனுக்குப் பொருத்தம் ஜவகர் சிறுவர் மன்றம். அதே துறையுடையதுதான், 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது, பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு வைப்பார்கள். எங்கே, எந்தக் கிழமை என்று இசைப்பள்ளியில் விசாரித்தாலே சொல்லிவிடுவார்கள். வாராவாரம் பஸ் செலவு கட்டுப்படியாகாதென்றால் பக்கத்து ஊர்க் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரிடம் கேட்டுப் பாருங்கள். பண்ணோடு, அதாவது அதற்குரிய பழந்தமிழ் ராகத்தோடு, பதிகம் பாடக் கற்ற பிள்ளைக்கு ராகமும் தமிழ் உச்சரிப்பும் சேர்ந்தே வந்துவிடும், இதைவிடத் திடமான அடித்தளம் எனக்குத் தெரியவில்லை. தேவாலயப் பாடகர் குழுவும் அப்படித்தான், பலரோடு சேர்ந்து சுருதி விலகாமல் பாட அங்கே பழகிவிடும்.

உங்களுக்கு அவசரமாக ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் கலாசார வள மற்றும் பயிற்சி மையம், சிசிஆர்டி என்பார்கள், இளம் கலைத் திறனாளிகளுக்கு உதவித்தொகை தருகிறது. வயது வரம்பு 10 முதல் 14. பையனுக்கு 13 ஆகிவிட்டதால் அடுத்த அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். எல்லாருக்கும் கிடைத்துவிடாது, ஆனாலும் விண்ணப்பிக்க வேண்டும். முறையாகக் கற்கிற பிள்ளைக்கான உதவி அது, அதனால் குரு ஒருவரை முதலிலேயே பிடித்துவிடுவது நல்லது.

மேடை விஷயத்துக்கு வருகிறேன். 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகிறது, மாநில அளவில் கலையரசன், கலையரசி பட்டம் தருகிறார்கள். இந்த வருடம் குரல் ஒத்துழைக்காவிட்டால் தாள வாத்தியத்திலோ குழுப் பாட்டிலோ சேரட்டும், பிடிவாதமாகத் தனிப்பாட்டில் நிறுத்த வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தேசிய அளவிலான பள்ளி மாணவர் கலைப் போட்டியான கலா உத்சவும் திறந்துவிடும், அங்கே சினிமாப் பாட்டு எடுபடாது, செவ்வியலோ மரபான நாட்டுப்புறப் பாட்டோ தேவை. ஊரில் கூத்து, பம்பைக் கலைஞர்கள் இருந்தால் அவர்களிடம் இப்போதே உட்கார்ந்து கேட்டு, இரண்டு பாட்டைச் சுத்தமாகக் கற்றுக்கொள்ளட்டும்.

போட்டி வருடத்துக்கு ஒருமுறை. காலை வழிபாடு தினமும் இருக்கிறதே! தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிபெருக்கியில் ஓட விடுகிற பள்ளிகள் இன்னும் உண்டு. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோதே, மோகன ராகத்தில், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், பதிவை ஒலிக்க விடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் அரசு சொல்லியது. நீங்கள் தலைமை ஆசிரியரைப் பார்த்து, ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட குழுவை என் மகன் சேர்த்துப் பாட வைக்கட்டுமா என்று கேளுங்கள். குழுவுக்குச் சுருதி பிடித்துக் கொடுப்பதும், மற்றவர்களைக் கவனித்துச் சேர்ந்து பாடுவதும், குரல் உடைகிற இந்தக் காலத்தில் அவனுக்கு மிக நல்ல பயிற்சி. மோகனத்தில் ஐந்தே ஸ்வரம்தான், ச ரி க ப த. அந்த ஒரு பாட்டை வைத்தே ஸ்வரம் எழுதக் கற்றுக்கொள்ளலாம்.

கீபோர்டு இப்போது வேண்டாம். சுருதி வைத்துப் பாட, உங்கள் போனிலேயே தம்பூரா செயலியை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், கட்டையை மாற்றும் வசதியும் அதில் இருக்கிறது. அந்தப் பணத்தை விழுப்புரம் போய்வரும் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.